நகரின் சிக்கனமும் உழவனின் நிலமும்

(விவசாயிகளும் உத்தியோகத்தரும் கூடியிருந்த கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற பேச்சின் வாசகம்)



நகரசபையொன்றின் கடமை யாதென வினவினால், குப்பை அள்ளுவதும் வீதி செப்பனிடுவதும் வரி அறவிடுவதுமே எனப் பலர் விடையிறுப்பர். இத்தகைய சாதாரண அதிகாரங்களைக் கொண்டே எரிபொருளையும் மின்சாரத்தையும் மிச்சப்படுத்த முனைந்த ஒரு நகரத்தின் வரலாற்றை இன்று உங்கள் முன் வைக்கின்றேன். ஜேர்மனியின் தென்மேற்கு மூலையிலுள்ள பிரைபேர்க் என்பதே அந்நகரம். அங்கு வாழ்வோர் ஏறக்குறைய 2 இலட்சத்து 30 ஆயிரம் பேர். அதனைப் புகழ்ந்துரைப்பது என் நோக்கமன்று. அந்நகரம் எதனால் வென்றது, அவ்வெற்றிக்கு யார் விலை கொடுத்தனர் என்பனவற்றையே நாம் ஆராய்தல் வேண்டும்.

தோட்டத்திற் பிறந்த கொள்கை

பிரைபேர்க்கின் சிக்கனக் கொள்கை நகர மண்டபத்திலே பிறக்கவில்லை. திராட்சைத் தோட்டத்திலே பிறந்தது. நகரிலிருந்து சுமார் 30 கிலோமீற்றர் தொலைவில், றைன் நதிக்கரையில், வீல் என்றொரு கிராமம் உண்டு. அங்கே அணுமின் நிலையமொன்று அமைக்க மாநில அரசு அனுமதி வழங்கிற்று. குளிர்விக்கும் கோபுரங்களிலிருந்து எழும் நீராவி வெயிலை மறைக்கும், கொடிகள் கெடும் எனத் திராட்சை பயிரிடுவோர் அஞ்சினர். 1975ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆந் திகதி மக்கள் அந்நிலத்துட் புகுந்து அமர்ந்தனர். இரு தினங்களிற் பொலிசார் அவர்களை அப்புறப்படுத்தினர். 23ஆந் திகதி பல்லாயிரவர் திரண்டு வந்து மீண்டும் அமர்ந்தனர்.

இந்நிலையம் இல்லாவிடின் அப்பத்தாண்டு முடியுமுன்னரே விளக்குகள் அணையத் தொடங்கும் என மாநில முதல்வர் பில்பிங்கர் எச்சரித்தார். நிலையம் எழவில்லை. விளக்குகளும் அணையவில்லை!

அந்த வெற்றி உழவரால் மட்டும் வந்ததா? அன்று, படித்தோரால் மட்டும் வந்ததுமன்று. பிரைபேர்க்கிலிருந்து மாணவரும் ஆய்வாளரும் அக்காட்டுக்குச் சென்றனர். மறியல் நடந்த இடத்திலேயே மக்கள் கல்லூரியொன்று நடைபெற்றது. உழவன் தன் மண்ணைப் பற்றிச் சொன்னான். படித்தவன் அணுவைப் பற்றிச் சொன்னான். ‘அணுமின்சாரம் வேண்டாமெனில், வேறு யாது வழி?’ என்ற வினா அங்கே எழுந்தது. எதிர்ப்பதோடு நின்றுவிடாமல் அவ்வினாவுக்கு விடை தேடியமையே அம்மக்களின் சிறப்பு.

சபை கையாண்ட கருவிகள்

1986ஆம் ஆண்டு செர்னோபில் விபத்து நேர்ந்தது. அவ்வாண்டிலேயே பிரைபேர்க் நகரசபை தனது சக்திக் கொள்கையை வகுத்தது. முதலாவது, வீண் செலவைத் தவிர்த்தல். இரண்டாவது, மின் உற்பத்தியில் வீணாகும் வெப்பத்தை வீடுகளுக்கு அளித்தல் போன்ற திறமையான முறைகள். மூன்றாவது, சூரியன் முதலிய வற்றாத சக்திகள். இவ்வரிசையைக் கவனியுங்கள். சூரியத் தகடுகள் முதலில் வரவில்லை. சிக்கனமே முதலில் வந்தது. ஓட்டைக் குடத்தில் எவ்வளவு நீர் வார்த்தாலும் பயனென்ன?

சபையின் கையிலிருந்த வலிய ஆயுதம் நிலம். 1992 முதல், நகரத்துக்குச் சொந்தமான காணியை வாங்குவோர், அதில் எழுப்பும் வீட்டின் ஒரு சதுர மீற்றரைச் சூடாக்க ஆண்டுக்கு 65 அலகு சக்திக்கு மேற் செலவாகாதவாறு கட்ட வேண்டுமென விற்பனை உறுதியிலேயே நிபந்தனை விதிக்கப்பட்டது. மத்திய அரசு சட்டம் இயற்றட்டுமென்று சபை காத்திருக்கவில்லை. காணி விற்பவனுக்குள்ள உரிமையைப் பொது நன்மைக்காகப் பயன்படுத்திக்கொண்டது.

இன்னொரு கருவி வீதி. ஐரோப்பிய நகரங்கள் பல தம் ட்ராம் வண்டிப் பாதைகளைப் பெயர்த்தெறிந்த காலத்தில், பிரைபேர்க் தன் பாதைகளைக் காத்து, பின்னர் நீட்டியது. பிரெஞ்சுப் படைகள் 1992இல் விட்டகன்ற வோபான் என்னும் படைமுகாமில் புதிய குடியிருப்பொன்று எழுந்தது. அங்கே பெரும்பாலான வீட்டு வாசல்களில் மோட்டார் வண்டி நிறுத்த இடமில்லை; வண்டி வைத்திருப்போர் குடியிருப்பின் ஓரத்திலுள்ள தரிப்பிடங்களில் அதனை விட வேண்டும்.

இவ்வளவு செய்தும் அந்நகரம் தன் சொல்லை முற்றும் காக்கவில்லை. கரியமில வாயுவை 2010ஆம் ஆண்டளவில் நூற்றுக்கு 25 பங்கு குறைப்பதாக 1996இல் தீர்மானித்தது. அவ்விலக்கு எட்டப்படவில்லை. புதிய வீட்டுக்கு நிபந்தனை விதிக்கலாம். முன்னரே கட்டப்பட்டு நிற்கும் ஆயிரக்கணக்கான பழைய வீடுகளை ஓர் உறுதியால் மாற்றிவிட முடியுமா?

உழவனின் முறை

இனி, நம்மில் உழவர்களாய் உள்ளோர் சிந்திக்க வேண்டிய பகுதிக்கு வருகின்றேன்.

நற்பெயர் பெற்ற நகரில் குடியேற விரும்புவோர் பெருகினர். வீட்டு வாடகை ஏறிற்று. ஆகவே நகரின் மேற்கெல்லையில் டீற்றன்பாக் என்னுமிடத்தில், சுமார் 6,900 வீடுகள் கொண்ட புதிய குடியிருப்பை அமைக்கச் சபை முடிவு செய்தது. வீடுகளிற் பாதி குறைந்த வாடகைக்கு. சக்தி ஏற்பாட்டிலும் சூழலுக்குக் கேடில்லாத முறை. இவ்வளவும் நன்றே. ஆனால் அந்நிலத்தின் பெரும்பகுதி விளைநிலம்! உழவர் எதிர்த்தனர், இயற்கை காக்கும் சங்கத்தார் பலரும் அவர்கள் பக்கம் நின்றனர். 2019 பெப்ரவரி 24ஆந் திகதி நகர மக்களிடம் வாக்குக் கேட்கப்பட்டது. நூற்றுக்கு 60 பேர் குடியிருப்புக்கே இசைந்தனர். வயல் தோற்றது.

1975இல் உழவனோடு நின்ற நகரம், 2019இல் உழவனின் நிலத்தைக் கேட்டது. இதிலே எவரையும் கொடியவரென்று தூற்றுவதற்கில்லை. வீடின்றித் தவிப்பவனின் குறையும் உண்மை. மண்ணை இழப்பவனின் குறையும் உண்மை. ஆயினும், எரிபொருட் கணக்கை எழுதிய ஏட்டில் மண்ணின் கணக்கையும் முதலிலேயே எழுதியிருக்க வேண்டாமா? எண்ணெயின்றியும் வீட்டைச் சூடாக்க வழியுண்டு. சீமெந்தின் கீழ்ப் போன மண்ணை மீட்க வழியில்லை.

நமக்குரிய பாடம்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு கிடையாது. பெய்யும் மழை மண்ணிலே ஊறிச் சுண்ணக்கல்லிலே தங்குகின்றது. தோட்டக் கிணறும் நகரத்துக் கிணறும் அந்த நீரையே பகிர்கின்றன. ஆகவே செம்மண் தோட்டத்தையும் குளத்தையும் மூடிக் கட்டடம் எழுப்பினால் இழப்பவன் உழவன் மட்டுமல்லன்; கந்தோரில் அமர்ந்திருப்பவனும் இழக்கின்றான்.

மின்சாரம் நமது உள்ளூராட்சிச் சபைகளின் கையில் இல்லை என்பது மெய். எனினும் கட்டடப் படத்துக்கு அனுமதி வழங்கும் அதிகாரம் உண்டு. அனுமதி வழங்குகையில் காற்றோட்டத்துக்கும் நிழலுக்கும் மழைநீர் நிலத்திலே இறங்குவதற்கும் இடமுண்டா என்று சபை வினவலாம். தன் சொந்தக் கட்டடங்களின் மின்கட்டணத்தை ஆண்டுதோறும் சபையிலே பகிரங்கமாக வாசிக்கலாம். விளைநிலமும் குளமும் எவையெவை என்று படம் வரைந்து, அவற்றைத் தொடுமுன் உழவர் சொல்லைக் கேட்கலாம். இவற்றுக்கு அந்நிய நாட்டு நிபுணர் தேவையில்லை. கோடிக்கணக்கான பணமும் தேவையில்லை.

தேவைப்படுவது ஒன்றே. பொறியியலாளர், வழக்கறிஞர், ஆசிரியர் ஆகியோர் உழவரோடு ஒரே பாயில் அமர வேண்டும். வீல் கிராமத்தில் அவ்வாறு அமர்ந்தபொழுது ஒரு மாநில அரசே பின்வாங்கிற்று. டீற்றன்பாக்கில் நகரத்தார் ஒரு பக்கமும் உழவர் மறுபக்கமும் நின்றபொழுது, தொகையிற் குறைந்தவர் தோற்றனர். அடுத்த முறை வாக்குக் கேட்டு வருவோரிடம், எத்தனை விளக்கு நாட்டுவீர் என்பதோடு, எத்தனை பரப்பு விளைநிலத்தைக் காப்பீர் என்றும் கேளுங்கள்.