நோன்புகளும் பெண்கள் நிலைமையும்

(அரியாங்குப்பம் கூட்டத்தில் பேசிய பேச்சு)



பண்டிகைகளையும் பெண்களையும் பற்றிப் பேசும்படி தோழர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இது பெண்கள் சமாச்சாரந்தானே, இதற்கொரு கூட்டம் எதற்கு என்று ஆண்களில் சிலர் நினைக்கக்கூடும். அவர்கள்தாம் கடைசிவரை இருந்து கேட்க வேண்டும். ஏனெனில் பெண்கள் கிடக்கும் பட்டினியெல்லாம் ஆண்கள் பேரில்தான் கணக்கெழுதப்படுகின்றது.

தீபாவளியை ஒட்டி நம் பக்கத்து வீடுகளில் எடுக்கும் கேதார கௌரி நோன்பைப் பாருங்கள். புருஷன் ஆயுள் நீடிக்க வேண்டும், தாலி நிலைக்க வேண்டும் என்பதற்காக அது. அதிரசம் 21, வெற்றிலை 21, பாக்கு 21, நோன்புக் கயிற்றில் இழை 21. மாவு இடிப்பவள் அவள், பாகு காய்ச்சுபவள் அவள், அடுப்பு முன் வேகிறவள் அவள், பட்டினி கிடப்பவளும் அவளே. அதிரசம் தின்பவர் யார் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

சரி, இந்த நோன்புக்குக் கதை என்ன சொல்லுகிறார்கள்? பிருங்கி என்று ஒரு முனிவன். அவன் சிவனை மட்டும் வலம் வருவானாம், பக்கத்திலிருக்கும் பார்வதியை வலம் வர மாட்டானாம். இருவரும் நெருங்கி உட்கார்ந்தால் வண்டு உருவெடுத்து நடுவில் துளைத்துக்கொண்டு போவானாம். அவமானம் தாங்காத பார்வதி பூலோகத்துக்கு வந்து 21 நாள் விரதமிருந்து, அதன் பலனாகச் சிவன் உடம்பில் பாதியைப் பெற்றாளாம். தோழர்களே, அவமானம் செய்தவன் யார்? பிருங்கி. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் யார்? புருஷன். பட்டினி கிடந்தது மட்டும் யார்? அம்மனுக்கே இந்தக் கதியென்றால் அரியாங்குப்பத்துக் குடித்தனக்காரி எம்மாத்திரம்!

மனைவி நீடூழி வாழ வேண்டுமென்று புருஷன் ஒருவேளை சோற்றை விடுகின்ற நோன்பு நம் வீடுகளில் ஒன்றாவது உண்டா? தேடிப் பார்த்துச் சொல்லுங்கள். ஆண்கள் விரதம் இருக்கவில்லையா, சபரிமலைக்கு மாலை போடவில்லையா என்று கேட்பார்கள். போடுகிறார்கள், வாஸ்தவம். அதுவும் தம் வேண்டுதலுக்காகத்தான். அந்த 41 நாளும் விடியற்காலையில் எழுந்து தனிப் பாத்திரத்தில் தனிச் சமையல் செய்கிறவள் எவள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

இந்த நோன்பினால் பலன் உண்டா என்று பார்ப்போம். புருஷனுக்காக எந்தப் பெண்ணும் பட்டினி கிடக்காத தேசங்கள் ஜப்பானும் பிரான்சும். அங்கே ஆண்களின் சராசரி ஆயுள் 80 வயதை ஒட்டி இருக்கிறது. ஆண்டு தவறாமல் நோன்பு நோற்கும் நம் நாட்டிலும் நேபாளத்திலும் அது 70-ஐ ஒட்டித்தான் நிற்கிறது. பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் கிழவர்களைப் புதுவையில் உள்ள நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்குப் பென்ஷன் கொடுக்கும் தேசத்தில் ஆயுளைக் கூட்டியது ஆஸ்பத்திரியும் குழாய்த் தண்ணீரும் சத்துள்ள சாப்பாடுமே தவிர நோன்புக் கயிறு அல்ல.

நோன்பினால் பலன் இல்லாவிட்டால் போகட்டும், நஷ்டம் என்ன என்பீர்கள். இங்குதான் சூது இருக்கிறது. புருஷன் உயிரோடிருப்பது அவள் நோன்பின் பலன் என்று ஒப்புக்கொண்டால், அவன் செத்துப்போவது எதன் பலன்? அவன் குடித்துக் கல்லீரல் கெட்டுச் சாவான். கடலூர் ரோட்டில் லாரி மோதிச் சாவான். எப்படிச் செத்தாலும் பழி அவள் பேரில். அவளை நடுவீட்டில் உட்கார வைத்து, பூவைப் பறித்து, பொட்டை அழித்து, வளையலை உடைத்து, தாலியை வாங்கிவிடுகிறார்கள். அதற்கும் பெண்களையே ஏவுகிறார்கள். மறுநாள் முதல் அவள் எதிரே வந்தால் சகுனம் கெட்டுப்போகிறது. அவள் பெற்ற பெண்ணின் கல்யாணத்திலேயே அவள் பந்தலுக்குப் பின்னால் நிற்க வேண்டியிருக்கிறது.

பாஷையைப் பாருங்கள். கைம்பெண்டாட்டி என்ற சொல்தான் 'கம்மனாட்டி' ஆயிற்று என்பார்கள். இன்று அது தெருச் சண்டையில் ஆணும் பெண்ணும் எடுத்து வீசும் வசவு. பெண்டாட்டியை இழந்த ஆணைக் குறிக்கும் சொல் ஏதாவது வசவாக இருக்கிறதா? வசவு கிடக்கட்டும், அவனைக் குறிக்க அன்றாடப் பேச்சில் வழங்கும் சொல்லே கிடையாது. காரியம் முடிந்த கையோடு பெண் பார்க்கப் புறப்பட்டு விடுகிறவனுக்குப் பெயர் எதற்கு?

நிற்க. இதெல்லாம் இடையில் வந்த கேடு, இந்து தர்மப்படி ராஜ்யம் நடந்தால் பெண்ணைத் தெய்வமாக வைத்துப் போற்றுவார்கள் என்று சொல்லுகின்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் வாயால் பதில் சொல்லத் தேவையில்லை. இரவில் விசில் ஊதிக்கொண்டு நம் தெருக்களில் ரோந்து வந்த கூர்க்காவை உங்களுக்கெல்லாம் தெரியும். அவன் நாடாகிய நேபாளம் நம் காலம் வரையில் இந்து ராஜ்யமாகவே இருந்தது. அரசனை விஷ்ணுவின் அவதாரம் என்றார்கள். 1854-இல் ஜங் பகதூர் காலத்தில் எழுதிய சட்டப்புத்தகமே எந்த ஜாதி மேல், எந்த ஜாதி கீழ், எவன் கையில் தண்ணீர் வாங்கலாம் என்று வரையறுத்தது. ஆகவே தர்ம ராஜ்யத்தில் பெண்கள் வாழ்ந்த யோக்கியதையை அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

அந்த ஜங் பகதூர் 1877-இல் செத்தபோது அவர் மனைவிமாரில் மூவர் உடன்கட்டை ஏறினார்கள். வெள்ளைக்காரன் வங்காளத்தில் 1829-இலேயே நிறுத்திய சதியை நேபாளத்தில் 1920-இல்தான் நிறுத்தினார்கள்.

அங்கே பெண்களின் பெரிய பண்டிகை தீஜ் என்பது. பெண்கள் சிவப்புப் புடவை கட்டி, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல் நாள் முழுதும் கிடந்து, காட்மாண்டில் பசுபதிநாதர் கோயில் முன் கூடுகிறார்கள். புருஷன் ஆயுளுக்காகத்தான், கன்னிப் பெண்கள் என்றால் நல்ல புருஷன் வாய்ப்பதற்காக. இதற்குச் சொல்லும் கதை வேடிக்கையானது. பார்வதியின் தகப்பன் அவளை விஷ்ணுவுக்குக் கொடுக்க நிச்சயித்தானாம். அவளுக்கு அது பிடிக்கவில்லை. தோழி அவளைக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒளித்து வைக்க, அங்கே தவமிருந்து தான் விரும்பிய சிவனையே அடைந்தாளாம். அப்பன் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாமென்று தோழி துணையோடு வீட்டைவிட்டு ஓடி, விரும்பினவனைக் கட்டிக்கொண்ட பெண்ணின் கதை இது! இதைக் கேட்டுவிட்டு அந்தப் பெண்ணைப்போல் நடக்க வேண்டும் என்று எவனாவது சொன்னானா? பட்டினியை மட்டும் எடுத்துக்கொண்டான், ஓட்டத்தை விட்டுவிட்டான். நம்மூரில் ஒரு பெண் ஜாதி விட்டு ஜாதி அப்படிப் புறப்பட்டால் அரிவாள் எடுக்கிறவனும் ஆடி மாதத்தில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவனும் அநேகமாய் ஒரே ஆள்தான்.

தீஜுக்குப் பின்னே வருவது ரிஷி பஞ்சமி. மாதவிலக்கு நாட்களில் தெரிந்தோ தெரியாமலோ தொட்ட பாவம் போக அன்று பெண்கள் ஆற்றில் குளிக்கிறார்கள். நாயுருவிக் குச்சி 365 எண்ணி எடுத்துப் பல் துலக்க வேண்டுமாம். உடம்பின் இயற்கைக்கு ஆண்டுக்கொரு மன்னிப்பு! மேற்கு நேபாளத்தில் இன்னும் மோசம். 'சௌபடி' என்ற பேரால் மாதவிலக்கான பெண்ணை வீட்டுக்கு வெளியே சிறு குடிசையில் அடைத்தார்கள். குளிருக்கு மூட்டிய நெருப்பின் புகையில் மூச்சுமுட்டியும், பாம்பு கடித்தும் பெண்கள் அங்கே செத்திருக்கிறார்கள். 2005-இல் சுப்ரீம் கோர்ட்டு தடுத்தது. அது போதாமல், 2017-இல் 3 மாதச் சிறை அல்லது 3,000 ரூபாய் அபராதம் என்று சட்டம் செய்ய வேண்டியிருந்தது.

அங்கே நிலைமை மாறவில்லையா என்றால், மாறியிருக்கிறது. 2006-இல் பார்லிமெண்டு மதச்சார்பற்ற நாடென்று அறிவித்தது. 2008-இல் அரசனும் போனான். 2015-இல் வித்யா தேவி பண்டாரி ஜனாதிபதியானார். அவர் 1993-இல் கணவரை இழந்தவர். எந்த அம்மாள் எதிரே வந்தால் சகுனம் கெடும் என்றார்களோ அந்த அம்மாளுக்குப் பட்டாளம் சலாம் வைத்தது. 2016-இல் தலைமை நீதிபதியாக இருந்த சுசீலா கார்க்கி 2025 செப்டம்பரில் இடைக்காலப் பிரதம மந்திரியானார். தீஜ் பாட்டையே பெண்கள் மாமியார் கொடுமையைச் சொல்லவும் சர்க்காரைக் குத்திக் கேட்கவும் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பெண்கள் கையில் வாயைத் திறக்க ஓர் இடம் கிடைத்தால் விடுவதில்லை.

நாம் மிகவும் மதிக்கும் காரியம் வேறு. 2009-இல் அந்தச் சர்க்கார் விதவையை மணப்பவனுக்கு 50,000 ரூபாய் தருவதாக பட்ஜெட்டில் போட்டது. புண்ணியம் செய்தோம் என்று நினைத்தார்கள். கணவனை இழந்த பெண்களே கிளம்பி, எங்கள் தலைக்கு விலை வைக்க நீங்கள் யார், படிப்பும் வேலையும் சொத்தும் கொடுங்கள் என்று எதிர்த்தார்கள். தங்களை விதவை என்று சொல்லாதே, தனிப்பெண் என்று சொல் என்றார்கள். அவர்களுக்கு விலக்கியிருந்த சிவப்புப் புடவையை வேண்டுமென்றே கட்டிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். சுயமரியாதை என்றால் வேறு என்ன?

நம் பக்கம் திரும்புவோம். ஈரோடு ஜில்லா நம்பியூர் தாலுகாவில் ஒரு கோயிலின் ஆடித் திருவிழாவுக்கு, அந்தக் கோயில் பூசாரியாகவே இருந்து இறந்துபோனவரின் மனைவி வரக்கூடாது என்று தடுத்தார்கள். புருஷன் பூஜை செய்த சாமியைப் பெண்டாட்டி கும்பிட அந்த அம்மாள் ஐகோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. 2023 ஆகஸ்டில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், ஒரு பெண்ணின் மதிப்பு அவள் புருஷன் இருப்பதையும் இல்லாததையும் பொறுத்ததல்ல என்று கண்டித்து, தடுப்பவர்கள்மேல் போலீஸ் நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டார். கோயிலுக்குப் போவதில் நமக்கு ருசி இல்லை. ஆனால் போக விரும்பும் ஒரு மனுஷியைத் தாலி இல்லை என்பதற்காகத் தடுக்க எவனுக்கும் உரிமை இல்லை என்பதில் நாம் அந்த அம்மாளின் பக்கம்.

நமக்குக் கூப்பிடு தூரத்தில் வீராம்பட்டினம் இருக்கிறது. அங்கே செங்கழுநீர் அம்மன் ஆடித் தேரைப் பிரெஞ்சுக் கவர்னர் வடம் பிடித்துத் தொடங்கி வைப்பது வழக்கமாயிருந்தது. மதம் வேறு, அரசு வேறு என்று தன் தேசத்தில் 1905-இல் சட்டம் செய்தவன், இங்கே வந்து தேர் இழுத்தான்! அவன் போன பிறகும் அந்த வழக்கம் போகவில்லை. கவர்னர் பதவிக்குச் சந்திராவதி, ரஜனி ராய், கிரண் பேடி, தமிழிசை என்று பெண்களும் வந்து போனார்கள். பெண் கவர்னரைப் பார்க்க ஊரே முண்டியடித்தது. அதே ஊரில் புருஷனை இழந்த மீனவப் பெண் கூடை சுமந்து எதிரே வந்தால் ஒதுங்கி நின்று பிறகு புறப்படுகிறவர்கள் உங்கள் தெருவில் இல்லையா? நீங்களே சொல்லுங்கள்.

பெண்களின் நிலைமையை மாற்றியது எது என்பதற்கு இந்தப் புதுவையிலேயே அத்தாட்சி இருக்கிறது. 1881-இல் பிரெஞ்சு சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது. தன் ஜாதி மத வழக்கச் சட்டத்தை வேண்டாமென்று எழுதிக் கையெழுத்திட்டால் பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வந்துவிடலாம் என்றது. அப்படி வந்தவர்களை 'ரெனோன்சான்' என்பார்கள். அவர்கள் வீட்டுப் பெண்ணுக்கு ஆண்பிள்ளையோடு சம பங்கு. பக்கத்து வீட்டில் கையெழுத்துப் போடாதவன் வீட்டிலோ, மகன் இருக்க மகளுக்குச் சொத்து இல்லை. இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணற்றுத் தண்ணீர், ஒரே அம்மன். ஒரு கையெழுத்து செய்த வேலையை எத்தனை தலைமுறை நோன்பு செய்தது? இந்து வாரிசுச் சட்டம் புதுவைக்கு வந்ததே 1963-இல்தான். பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டுமென்று 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு மாநாட்டில் தீர்மானம் செய்தபோது குடும்பத்தைக் கெடுக்க வந்தவர்கள் என்று வைதார்கள். தமிழ்நாட்டில் மூதாதையர் சொத்தில் பெண்ணுக்குப் பங்கென்று சட்டமானது 1989-இல். அறுபது வருஷம்! குடும்பம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

பெண்களே விரும்பி நோற்கிறார்கள், நீங்கள் ஏன் தடுக்கிறீர்கள் என்று ஒரு தோழர் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். நாம் யாரையும் தடுக்கவில்லை. நோற்காவிட்டால் புருஷன் சாவான், செத்தால் பொட்டு போகும், பொட்டு போனால் மதிப்புப் போகும் என்று ஐந்து வயது முதல் பயங்காட்டி வளர்த்துவிட்டு, அப்புறம் 'விரும்பி' என்று சொல்லக்கூடாது. அந்தப் பயத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள், எத்தனை பேர் விரும்புகிறார்கள் என்று.

பயத்தை எடுப்பது நம் கையில் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர் ஜில்லாவில் ஹேர்வாட் என்று ஒரு கிராமம். 2022 மே மாதத்தில் அந்த ஊர்ப் பஞ்சாயத்து, எங்கள் ஊரில் இனி எந்தப் பெண்ணுக்கும் வளையல் உடைப்பது, குங்குமம் அழிப்பது, தாலி அறுப்பது கிடையாது என்று தீர்மானம் போட்டது. அதே மாதத்தில் மாகாண சர்க்காரே மற்ற ஊர்களும் அப்படிச் செய்யலாம் என்று சுற்றறிக்கை விட்டது. நம் புதுவையிலோ 1968-க்குப் பிறகு 2006-இல்தான் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தது. 2011-இல் அதன் காலம் முடிந்த பிறகும் வருஷக்கணக்கில் நடக்கவில்லை. ஆகவே பஞ்சாயத்து வந்து தீர்மானம் போடட்டும் என்று காத்திருந்தால் இன்னும் எத்தனையோ பேரின் வளையல் உடைந்துவிடும்.

கூட்டம் முடிந்ததும் இந்த மேசைமேல் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கப்பட்டிருக்கும். "நான் இறந்தால் என் மனைவியின் பூவையும் பொட்டையும் வளையலையும் யாரும் தொடக்கூடாது, என் பிள்ளைகளின் கல்யாணத்தில் அவளே முன்னின்று மாலை எடுத்துக் கொடுக்க வேண்டும்" என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறது. சம்மதமுள்ள ஆண்கள் அதன்கீழ் பெயரும் தெருவும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். சாட்சிக் கையெழுத்தை மனைவியின் உடன்பிறந்தான் போடுவது நல்லது, ஏனெனில் பதினாறாம் நாள் கோடிப்புடவை எடுத்துக்கொண்டு முதலில் வந்து நிற்கிறவன் அவன்தான். நாளைக்குப் போடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். இது செத்த பிறகு போடக்கூடிய கையெழுத்து அல்ல.