காருக்குப் புது ஸ்டீரியோ வாங்கும் முன்

ஒரு கையில் போனைப் பிடித்து மேப் பார்த்தபடியே நம் கேட்டுக்குள் வளைகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இந்தப் பேச்சு.

'ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ' வேறு, 'ஆண்ட்ராய்டு ஆட்டோ' வேறு. முன்னது டேஷ்போர்டில் பதித்த டேப்லெட் மாதிரி. ஆன்லைன் மேப்புக்கு அதற்குத் தனியாக இன்டர்நெட் கொடுக்க வேண்டும். பின்னதில் வேலை செய்வது உங்கள் போன்தான். மேப், அழைப்பு, பாட்டு எல்லாம் ஸ்டீரியோ திரையில் வரும். ஐபோன்காரர்களுக்கு அது 'கார்ப்ளே'. சில மாடல்களில் எல்லாமே உண்டு. கடைக்காரர் "ஆண்ட்ராய்டுதான் சார்" என்றால் விடாதீர்கள், எது என்று கேளுங்கள்.

வயர் இல்லாமல் ஆண்ட்ராய்டு ஆட்டோ இணைய, போனில் ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்கு மேல் பொதுவாகத் தேவை. வயரில் இணைப்பவர்கள் கேபிளைக் கவனியுங்கள். சில கேபிள்கள் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும். சொந்தப் போனையும் கேபிளையும் கடைக்கே கொண்டுபோய், வீட்டுக்கு ஒரு கால் போட்டுப் பேசிப் பாருங்கள். மைக் சரியில்லை என்றால் அங்கேயே தெரிந்துவிடும்.

காரின் ஒரிஜினல் வயரை வெட்ட விடாதீர்கள். உங்கள் மாடலுக்கான கப்ளர் போட்டு மாட்டச் சொல்லுங்கள். வெட்டினால் வாரன்டிக்குச் சிக்கல் வரலாம். "பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறேன்" என்பார்கள். பாங்கில் இருந்தவன் சொல்கிறேன், பில் வாங்குங்கள். ரிவர்ஸ் கேமராவும் ஸ்டியரிங் பட்டன்களும் வேலை செய்வதைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.