பந்தலூரும் தாயகக் கனவும்



1964ஆம் ஆண்டில் சிறீமாவோ, சாஸ்திரி இருவரும் செய்த ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அவருட் பலர் நம் பந்தலூரை அடைந்தனர். 1968இல் அரசாங்கம் தேயிலைத் தோட்டந் தொடங்கி அவர்கட்கு வேலை அளித்ததை யான் குறைத்துப் பேசேன். ஆயினும் என் மாணாக்கன் ஒருவனுடைய பாட்டியார் கூறியது மறக்கற்பாலதன்று. தலைமன்னாரிற் கப்பலேறுங்கால், ஊரும் உறவும் காணியும் தமக்குக் காத்திருக்குமென எண்ணினாராம். வந்து கண்டவையோ அடைமழை, அட்டைக்கடி, யானைப் பயம். மறுபடியும் அதே லயன் வீடு, அதே கொழுந்துக் கூடை!

“அங்கே இந்தியாக்காரர் என்றார்கள், இங்கே சிலோன்காரர் என்கிறார்கள், வாத்தியாரையா.”

நம் சங்கத்தார் இல்லங்களிலும் அப்பெயர் வழங்குகின்றதன்றோ? சென்ற மாதம் வகுப்பிலே ஒரு பையன் அம்மாணாக்கனையும் அவ்வாறே விளித்தான். அவன் பிறந்தது பந்தலூரில். அவன் தந்தை பிறந்ததும் இங்கேயே.