பல்வலி நின்னுடுச்சா? இனிமேதான் கவனம் தேவை

இன்னைக்கு எபிசோடு ரூட் கெனால் பற்றி. ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம்னு இந்தப் பக்கம் ஷிப்ட்ல வேலை பார்க்கிறவங்க, நாலு பேரா ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறவங்க, ஹாஸ்டல்ல இருக்கிறவங்க, இது முக்கியமா உங்களுக்காக. முதல்லயே சொல்லிடறேன், நான் கோடு எழுதுற ஆள், டாக்டர் இல்லை. உங்க பல்லுக்கு என்ன செய்யணும்னு பல் டாக்டர்தான் சொல்லணும். அவர்கிட்ட என்ன கேட்கணும், எந்த இடத்துல பாதியில விட்டுடக் கூடாது, அதைத்தான் நாம பேசப் போறோம்.

விஷயம் இதுதான்: வலி நிற்பதும் பல் குணமாவதும் ஒன்று இல்லை. சொத்தைப் பல் கதையில வலி மூணு தடவை நிற்கும். மூணு தடவையும் "சரியாயிடுச்சு, அப்புறம் பார்த்துக்கலாம்"னு தோணும். பல் போறது பெரும்பாலும் அந்த மூணு இடத்துலதான்.

முதல்ல பல்லுக்குள்ள என்ன இருக்குன்னு பார்ப்போம். வெளியே எனாமல். அதுக்கு உள்ளே டென்டின். நடுவுல ஒரு சின்ன அறை, அதுல பல்ப்னு மென்மையான சதை. நரம்பும் ரத்தக் குழாயும் அங்கேதான். அந்த அறையிலிருந்து வேர் வழியா கீழே போற மெல்லிய பாதைதான் கெனால். முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஒரு கெனால், கடைவாய்ப் பல்லுக்கு மூணு, சில சமயம் நாலு.

சொத்தை பல்ப் வரைக்கும் போயிட்டா அந்தச் சதை வீங்கும். கை வீங்கினா தோல் இடம் கொடுக்கும். பல்லுக்குள்ள சுத்தியும் கெட்டிச் சுவர், வீங்க இடமே இல்லை. அதனாலதான் அந்த உயிர் போற வலி. ராத்திரி படுத்தா தலைப் பக்கம் ரத்த அழுத்தம் கூடும், வலியும் கூடும். ஐஸ் தண்ணி குடிச்சா ரெண்டு விநாடி கூசிட்டுப் போயிட்டா, பல்ப்பைக் காப்பாத்த இன்னும் வாய்ப்பு இருக்கு, ஒரு ஃபில்லிங்கோட முடியலாம். தண்ணியை முழுங்கின பிறகும் வலி நிக்காம இழுத்துக்கிட்டே இருந்தா, தூக்கத்துல எழுப்பினா, பெரும்பாலும் அந்தக் கட்டம் தாண்டிடுச்சு.

இப்போ முதல் நிறுத்தம். ரெண்டு வாரம் படுத்தின வலி ஒரு நாள் தானா நின்னுடும். கிராம்புத் தைலம் வேலை செஞ்சுடுச்சுன்னு நினைப்போம். நடந்தது வேற: நரம்பு செத்துப் போச்சு. லைன்ல ஆண்டான் விளக்கு சிவப்பா எரியுது, யாரோ அதோட ஒயரைப் பிடுங்கிட்டாங்க. விளக்கு அணைஞ்சாச்சு, பழுது அப்படியே இருக்கு. செத்த சதையில கிருமி பெருகி, வேர் நுனி வழியா தாடை எலும்புக்குப் போகும். சில மாசம் கழிச்சு ஈறுல ஒரு கொப்புளம், சீழ், இல்லைன்னா கடிக்கும்போது வேற மாதிரி வலி.

மெடிக்கல்ல மூணு நாள் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டா போதாதா? போதாது. மாத்திரை ரத்தத்துல கலந்துதான் போகணும். செத்துப்போன பல்ப்புக்கு ரத்த ஓட்டமே கிடையாது, மருந்து எப்படிப் போய்ச் சேரும்? வீக்கமும் காய்ச்சலும் இல்லாத பல்வலிக்குப் பெரும்பாலும் ஆன்டிபயாடிக் வேண்டாம், பல்லுக்குச் சிகிச்சை பண்ணுங்கன்னு அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-ல் வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கு. வலி மாத்திரை ஒரு நைட் ஷிப்ட்டைத் தாண்ட உதவும், அவ்வளவுதான். வயித்துப் புண், கிட்னிப் பிரச்சினை இருக்கிறவங்க அதையும் கேட்காம போடாதீங்க.

ஒரு எச்சரிக்கை. முகமோ தாடைக்குக் கீழேயோ வீங்குது, காய்ச்சல் அடிக்குது, வாய் திறக்க முடியலை, எச்சில் முழுங்கவோ மூச்சு விடவோ சிரமமா இருக்கு. அப்போ கிளினிக் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீங்க. நேரா பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்க, இல்லைன்னா 108-ஐக் கூப்பிடுங்க. இது உயிர் விஷயம்.

சரி, நாற்காலியில உட்கார்ந்தாச்சு. என்ன நடக்கும்? எக்ஸ்ரே, மரத்துப்போக ஊசி, பல்லுல ஒரு ஓட்டை. மெல்லிய ஃபைல்களை விட்டு உள்ளே இருக்கிற சதையை எடுத்து, சோடியம் ஹைப்போகுளோரைட் மாதிரி கிருமி கொல்லும் திரவத்தால கழுவுவாங்க. அதாவது வீட்டுல ப்ளீச்ல இருக்கிற அதே பொருள். அது தொண்டைக்குப் போகாம, எச்சில் பல்லுக்குள்ள வராம இருக்க, பல்லைச் சுத்தி ஒரு ரப்பர் விரிப்பு மாட்டணும், ரப்பர் டேம்னு பேரு. 1864-லேயே வந்துட்ட உத்தி. "ரப்பர் டேம் போடுவீங்களா டாக்டர்?"னு தாராளமா கேளுங்க. கடைசியா கெனாலை கட்டாபெர்ச்சாங்கிற மரப்பாலால அடைப்பாங்க. 1858-ல அட்லாண்டிக் கடலுக்கடியில போட்ட முதல் தந்திக் கேபிளுக்கு உறையா இருந்தது இதே பொருள்தான். நம்ம இன்டர்நெட்டோட கொள்ளுத்தாத்தாவும் உங்க கடைவாய்ப் பல்லும் சொந்தக்காரங்க!

வலிக்குமா? ஊசி சரியா வேலை செஞ்சா வலிக்கக் கூடாது. ஆனா ரொம்ப வீங்கிச் சீழ் வச்ச இடத்துல அமிலத்தன்மை கூடுதலா இருக்கும், மருந்து முழுசாப் பிடிக்காது. அப்போ பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்காராதீங்க. கையைத் தூக்குங்க, இன்னொரு ஊசி போடுவாங்க. தாங்கமுடியாத அளவுக்கு விட்டுட்டுப் போறதைவிட முன்னாடியே போறது நல்லதுன்னு சொல்றது இதனாலயும்தான்.

ரெண்டாவது நிறுத்தம் இங்கே. சில பேருக்கு ஒரே சிட்டிங்ல முடியும், சில பேருக்கு ரெண்டு மூணு. முதல் சிட்டிங்லயே பல்ப்பை எடுத்துட்டா வலி போயிடும். தற்காலிக ஃபில்லிங் போட்டு "அடுத்த வாரம் வாங்க"ன்னு அனுப்புவாங்க. அடுத்த வாரம் ஷிப்ட் மாறும், ஓவர்டைம் வரும், ஊர்ல திருவிழா வரும். அந்த ஃபில்லிங் சில வாரம் தாங்கத்தான் செஞ்சது. அது தேய்ஞ்சு கசிஞ்சா கழுவின கெனாலுக்குள்ள மறுபடி கிருமி. அதனால தொடங்கும்போதே எத்தனை சிட்டிங்னு கேட்டு, வார லீவு நாளையும் ஷிப்ட்டையும் சொல்லி, எல்லாத் தேதியையும் அன்னைக்கே வாங்கிடுங்க.

மூணாவது நிறுத்தம்தான் ரொம்ப ஏமாத்தும். ரூட் கெனால் முடிஞ்சது, வலியே இல்லை, "கேப் அடுத்த மாசம் சம்பளத்துல போட்டுக்கலாம்". சொத்தையும் ஓட்டையும் போக, மிச்சம் இருக்கிற பல் மெல்லிய சுவர்தான். கடைவாய்ல அதை வச்சு முறுக்கு கடிச்சா நீளவாக்குல பிளக்கலாம். வேர் வரைக்கும் பிளந்தா பிடுங்கறதைத் தவிர வழி இல்லை. 2002-ல அமெரிக்காவுல அயோவா பல்கலைக்கழக ஆய்வு ஒண்ணு வந்தது. ரூட் கெனால் பண்ணிக் கேப் போடாத பற்கள், போட்டதைவிட 6 மடங்கு வேகத்துல விழுந்திருக்குன்னு அதுல கண்டாங்க. முன்பல்லுக்குச் சில நேரம் கேப் தேவைப்படாது, டாக்டர் சொல்லுவார். கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் வேணும்.

அதனால விலை கேட்கும்போது "ரூட் கெனால் எவ்வளவு?"ன்னு மட்டும் கேட்காதீங்க. எக்ஸ்ரே, சிகிச்சை, கேப் எல்லாம் சேர்த்து எவ்வளவு, எந்த வகைக் கேப்னு கேட்டு எழுதி வாங்குங்க. இந்தப் பல்லைக் காப்பாத்த முடியுமா, பிடுங்கினா அந்த இடத்துக்கு என்ன செய்யணும், அதுக்கு எவ்வளவு ஆகும்னும் கேளுங்க. எல்லாப் பல்லையும் காப்பாத்த முடியாது. முடிவு உங்களோடது, விவரம் தெரிஞ்சு எடுங்க.

பணம்தான் தடைன்னா ரெண்டு வழி. உங்க பே ஸ்லிப்பைப் பாருங்க. 2017-லிருந்து மாசச் சம்பளம் 21,000 ரூபாய் வரைக்கும் இருக்கிறவங்க இ.எஸ்.ஐ. வரம்புக்குள்ள வர்றாங்க. உங்க பங்கா 0.75 சதவீதம் பிடிக்கிறாங்க, கம்பெனி 3.25 சதவீதம் போடுது. காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் இது உண்டு. பணம் உங்களோடது, கேட்கிறதுல கூச்சம் எதுக்கு? உங்க டிஸ்பென்சரிக்குப் போய், பல் சிகிச்சைக்கு எந்த ஆஸ்பத்திரி, கேப்பும் அதுல வருமான்னு கேளுங்க. இன்னொரு வழி பல் மருத்துவக் கல்லூரிகள். சென்னைக் கோட்டை ரயில் நிலையம் பக்கத்துல அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு. பூந்தமல்லி, போரூர் பக்கம் தனியார் கல்லூரிகளும் இருக்கு. பேராசிரியர் மேற்பார்வையில மாணவர்கள் பண்ணுவாங்க. நேரம் கூட ஆகும், செலவு குறையும்.

கடைசியா, சுத்தம். திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில 2023-ல நடந்ததைச் சொல்லியாகணும். ஒரு பல் கிளினிக்கோட தொடர்புடைய 10 பேருக்கு மெலியாய்டோசிஸ்ங்கிற தொற்று மூளை வரைக்கும் போச்சு. 8 பேர் இறந்துட்டாங்க. மண்ணுலயும் தண்ணியிலயும் வாழுற கிருமி அது. வேலூர் சி.எம்.சி. உள்ளிட்ட நிறுவனங்கள் சேர்ந்து ஆராய்ஞ்சப்போ, கழுவப் பயன்படுத்தின சலைன் பாட்டிலைச் சுத்தமில்லாத கருவியால திறந்து, சரியா மூடாம மறுபடி மறுபடி பயன்படுத்தினது தெரியவந்தது. 2025-ல இது மருத்துவ இதழ்லயும் வெளியாச்சு. இது அபூர்வம், இதுக்காக டாக்டர்கிட்டயே போகாம இருந்துடாதீங்க. ஆனா மூணு விஷயத்தைப் பாருங்க, கேளுங்க: கருவிகள் சீல் பண்ணின கவர்ல இருந்து உங்க முன்னாடி பிரியுதா? கையுறை புதுசா? சலைன் பாட்டில் இன்னைக்கு உங்களுக்காகத் திறந்ததா? நல்ல டாக்டர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். டாக்டர் பெயர் தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சில்ல பதிவாகியிருக்கான்னும் பார்த்துக்கோங்க.

உங்க ரூம்மேட் யாராவது ஒரு பக்கமாவே சாப்பிட்டுக்கிட்டு இருந்தா, "இப்போ வலிக்கலைடா"ன்னு சொன்னா, இந்த எபிசோடை அனுப்புங்க. அனுப்பிட்டு, எத்தனை நாளா வலிக்கலைன்னும் கேளுங்க. கேள்வி இருந்தா எழுதுங்க, ஒரு பல் டாக்டரையே கூப்பிட்டு வச்சுப் பேசுவோம். அடுத்த எபிசோடுல பார்ப்போம்.