பழைய கணிப்பொறியும் புதிய கல்வியும்



பிறர் கழித்த பொருளைக் கைநீட்டி வாங்கும் வலியை நாம் அறிவோம். ஆகவே, செல்வ நாடுகள் கழித்த கணிப்பொறிகளை ஏழை நாட்டுப் பள்ளிகளுக்கு அனுப்புவது உதவியா, குப்பையை இறக்குவதா என்று நாம் கேட்பது இயல்பே.

இதற்கு விடை நமீபியாவில் கிடைத்தது. நிறவெறி ஆட்சி கருப்பின மக்களுக்குத் தரக்குறைவான கல்வியையே அளித்த அந்நாடு 1990-இல் விடுதலை பெற்றது. அங்கே 2000-இல் தோன்றிய ஸ்கூல்நெட் நமீபியா, பழுது நீக்கிய பழைய கணிப்பொறிகளைப் பள்ளிகளுக்கு வழங்கியது. ஆற்றல் மிக்க ஒரு பொறி வேலையின் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்ள, பழைய பொறிகள் அதனோடு இணைந்து தடையின்றி இயங்கின. அவற்றில் இருந்ததோ, 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ். அதற்கு உரிமக் கட்டணம் இல்லை; எவரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், படியெடுத்துப் பிறர்க்கும் வழங்கலாம். உள்ளூர் இளைஞர்களே பயிற்சி பெற்று அவற்றைப் பள்ளிகளில் நிறுவினர்.

பொறி பழையதுதான். ஆனால் அதைக் கையாளும் அறிவு அவர்களுக்கே சொந்தமாயிற்று. அறிவும் உரிமையும் சேர்ந்து வராத கொடை வெறும் பிச்சையே.

இளைஞர்களே! நம் சங்கத்திற்கு எவரேனும் கணிப்பொறி தர முன்வந்தால், நன்றி கூறுமுன் கேட்போம்: நன்றாக இயங்குகிறதா? மென்பொருளைத் திருத்தும் உரிமை நமக்குண்டா? பழுதானால் நம்மில் யார் சரிசெய்வார்? மூன்றாம் கேள்விக்கு நம் பிள்ளைகள் எழுந்து நின்று விடையளிக்கும் நாளே இவ்வெள்ளி விழாவின் பயன்.