பள்ளிச் செலவும் ரொக்க உதவியும்

இச்சொற்பொழிவுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பொருள், அரசின் வரவு செலவுத் திட்டத்தில் மிகச் சிறியதாகத் தோன்றும் ஒரு தொகையைப் பற்றியது. கிராமப்புறக் குடும்பம் ஒன்றுக்கு ஆண்டில் ஒருமுறை ஆயிரமோ இரண்டாயிரமோ ரூபாய் கையில் கிடைத்தால், அந்த வீட்டுப் பிள்ளையின் படிப்பு தொடருமா என்பதே வினா. தொடர்ந்த இடங்களும் உண்டு; தொடராத இடங்களும் உண்டு. இந்த வேறுபாட்டுக்குத் தொகையின் அளவு மட்டும் காரணமன்று. படிப்பின் எந்தக் கட்டத்தில், ஆண்டின் எந்த மாதத்தில் அது வந்து சேர்ந்தது என்பதே பெரும்பாலும் முடிவை நிர்ணயித்திருக்கிறது.

6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வி அளிக்கும் சட்டம் 2009இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தது. ஆனால் கட்டணம் இல்லை என்பதாலேயே செலவு இல்லை என்று ஆகிவிடாது. வட இந்திய மாநிலங்களில் 1996இல் மேற்கொள்ளப்பட்டு 1999இல் வெளியான தொடக்கக் கல்வி ஆய்வறிக்கை ஒன்று, அரசுத் தொடக்கப் பள்ளிக்கு ஒரு குழந்தையை அனுப்பப் பெற்றோர் ஆண்டுக்குச் சராசரியாக 318 ரூபாய் செலவிட்டதாகக் கணக்கிட்டது. புத்தகம், சிலேட்டு, உடை என்று சிறுகச் சிறுகச் சேர்ந்த தொகை அது. மூன்று குழந்தைகள் இருந்தால் ஏறத்தாழ ஆயிரம் ரூபாய்; அந்நாளைய வேளாண் கூலித் தொழிலாளிக்கு அது ஒரு மாதத்திற்கும் மேற்பட்ட நாள்களின் கூலி. கூலியோ அறுவடைக் காலத்தில் வரும். பள்ளிச் செலவு பள்ளி திறக்கும்போது வரும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில்தான் கடனும் வட்டியும் புகுகின்றன. கடன் கிடைக்காத வீட்டில் பிள்ளை நின்றுவிடுகிறது.

இந்த இடைவெளியை நிரப்பவே ரொக்க உதவி முன்வைக்கப்படுகிறது. உத்தரப் பிரதேச அரசு, முன்னர்த் தானே கொள்முதல் செய்து வழங்கிவந்த பள்ளிப் பொருள்களுக்குப் பதிலாக, 2021இல் பெற்றோரின் வங்கிக் கணக்கில் குழந்தைக்கு 1,100 ரூபாய் செலுத்தத் தொடங்கியது. இரண்டு இணைச் சீருடைக்கு 600, ஸ்வெட்டருக்கு 200, காலணி, காலுறைக்கு 125, புத்தகப் பைக்கு 175 என்று கணக்கு வகுக்கப்பட்டது. எழுதுபொருளுக்கென 100 ரூபாய் பின்னர்ச் சேர்ந்தது. இருநூறு ரூபாய்க்கு எத்தகைய ஸ்வெட்டர் கிடைக்கும் என்பதைக் கடைத்தெருவை அறிந்தவர்கள் சொல்லட்டும். எனினும், பிள்ளையின் அளவுக்குச் சட்டை வாங்கும் பொறுப்பு பெற்றோரிடமே வந்தது ஒரு முன்னேற்றம்தான். அந்த முதல் ஆண்டில் தொகை நவம்பரில் வழங்கப்பட்டது. பெருந்தொற்றின் காரணமாகப் பள்ளிகள் தாமதமாகவே திறந்த ஆண்டு அது என்பது உண்மை. ஆயினும் நவம்பர், ஸ்வெட்டருக்குப் பொருத்தமான மாதம். புத்தகப் பைக்கு அன்று.

எட்டாம் வகுப்பு முடிந்ததும் நிலைமை மேலும் கடினமாகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு அங்கே முடிகிறது. தொடக்கப் பள்ளி ஊருக்குள்ளேயே இருக்கலாம். உயர்நிலைப் பள்ளி பல கிராமங்களுக்குப் பொதுவாக, சற்றுத் தொலைவில் இருக்கும். பையன் நடந்தோ, யாருடைய வண்டியிலோ தொற்றிக்கொண்டோ போய்விடுவான். பதினான்கு வயதுப் பெண்ணை அவ்வாறு அனுப்பப் பெற்றோர் தயங்குவர். வழியில் பாதுகாப்பு, வீட்டு வேலைக்கு இழக்கும் நேரம், ஊராரின் பேச்சு எல்லாம் அந்தத் தயக்கத்தில் அடங்கும். படிப்பில் ஆர்வமுள்ள பெண்களும் எட்டாம் வகுப்போடு நின்றது இதனால்தான்.

பீகார் அரசு 2006இல் தொடங்கிய முதலமைச்சர் மாணவியர் மிதிவண்டித் திட்டம் சரியாக இந்தக் கட்டத்தைக் குறிவைத்தது. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த மாணவிக்கு மிதிவண்டி வாங்க 2,000 ரூபாய் வழங்கப்பட்டது. பின்னர் இது 2,500 என்றும் 3,000 என்றும் உயர்ந்தது. தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் அரசே மிதிவண்டிகளைக் கொள்முதல் செய்து மாணவர்களுக்கு வழங்குகிறது. பீகாரோ ரொக்கமாகக் கொடுத்து, குடும்பமே கடைக்குச் சென்று வாங்கிக்கொள்ளுமாறு விட்டது. ஒப்பந்தப் புள்ளி, கிடங்கு, லாரி, உதிரிப் பாகம் குறைந்த வண்டி ஆகிய தொல்லைகள் இதனால் தவிர்க்கப்பட்டன.

பணத்தைத் தந்தையர் வேறு வழியில் செலவழித்துவிடுவர் என்ற ஐயம் அப்போது எழுந்தது இயல்பே. நிகழ்ந்தது வேறு. பெரும்பாலான குடும்பங்கள் மிதிவண்டியே வாங்கின. தொகை போதாதபோது சொந்தப் பணமும் சேர்த்தன. இதற்குக் காரணம் பெற்றோரின் நல்லெண்ணம் மட்டுமன்று. தொகை பள்ளியின் வழியாக, ஊரறிய, ஒரே வகுப்பு மாணவியர் அனைவருக்கும் வழங்கப்பட்டது; வாங்கியதற்கு ரசீதும் காட்டவேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் மிதிவண்டியில் போகும்போது, தன் மகளின் மிதிவண்டி எங்கே என்ற கேள்விக்கு ஒரு தந்தை விடை சொல்லியே ஆகவேண்டும். அதிகாரியின் ஆய்வைவிட ஊராரின் பார்வை கூர்மையானது.

திட்டத்தின் பயனைப் பொருளியல் அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அளந்து, 2017இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். அவர்கள் கையாண்ட முறை மாணவர்கள் கவனிக்கத்தக்கது. பீகாரில் அக்காலத்தில் சாலைகளும் சட்டம் ஒழுங்கும் மேம்பட்டு வந்தன. ஆகவே பெண்களின் சேர்க்கை உயர்ந்ததை மட்டும் கொண்டு மிதிவண்டியைப் புகழ்ந்துவிட இயலாது. திட்டத்தின் முதற் கட்டத்தில் பையன்களுக்கு உதவி இல்லை; எனவே பெண்களின் உயர்வை முதலில் பையன்களின் உயர்வோடு ஒப்பிட்டனர். அடுத்து, 2000ஆம் ஆண்டுவரை பீகாரின் பகுதியாகவே இருந்த ஜார்க்கண்டில் இதே வேறுபாடு எவ்வாறு மாறியது என்பதைக் கழித்துப் பார்த்தனர். எஞ்சியதே திட்டத்தின் பயன். உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் விகிதம் 32 சதவீதம் உயர்ந்திருந்தது. ஆண், பெண் சேர்க்கைக்கு இடையிலான இடைவெளி 40 சதவீதம் குறைந்திருந்தது. இந்த உயர்வு பெரும்பாலும் உயர்நிலைப் பள்ளி 3 கிலோமீட்டரோ அதற்கு மேலோ தொலைவில் இருந்த கிராமங்களிலேயே காணப்பட்டது. தடை தொலைவுதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அதே ஆய்வில் மற்றொரு செய்தியும் உண்டு. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய பெண்களின் எண்ணிக்கை 18 சதவீதம் உயர, தேர்ச்சி பெற்றோரின் எண்ணிக்கை 12 சதவீதமே உயர்ந்தது. மிதிவண்டி பெண்ணைப் பள்ளி வாயில்வரை கொண்டுசேர்க்கும். உள்ளே கணித ஆசிரியர் இல்லையெனில் அதற்கு ரொக்க உதவி பொறுப்பேற்க முடியாது.

மேற்கு வங்கம் 2013இல் தொடங்கிய கன்யாஸ்ரீ திட்டம் வேறொரு நெருக்கடியைக் கருத்திற்கொண்டது, அது திருமணம். 13 முதல் 18 வயது வரை படிப்பைத் தொடரும், மணமாகாத பெண்ணுக்கு ஆண்டு உதவித்தொகை; தொடக்கத்தில் 500 ரூபாயாக இருந்தது பின்னர் 1,000 ஆயிற்று. 18 வயது நிறைந்து, மணமாகாமல் படிப்பையோ பயிற்சியையோ தொடர்ந்தால் ஒரே தவணையில் 25,000 ரூபாய். ஆண்டுத் தொகை செலவைத் தாங்குகிறது. இறுதித் தொகை திருமணப் பேச்சைத் தள்ளிப்போடுகிறது.

இவ்விடத்தில் அரியானாவின் அனுபவத்தையும் ஒப்புநோக்குதல் நலம். அங்கு 1994இல் தொடங்கப்பட்ட திட்டத்தில், பெண் குழந்தை பிறந்ததும் அவள் பெயரில் 2,500 ரூபாய் சேமிப்புப் பத்திரத்தில் இடப்பட்டது. 18 வயதுவரை மணமாகாதிருந்தால் 25,000 ரூபாய் கிடைக்கும் என்பது ஏற்பாடு. 2012இல் முதல் தொகுதிப் பெண்கள் 18 வயதை எட்டியபின் மேற்கொள்ளப்பட்ட மதிப்பீட்டில், எட்டாம் வகுப்புவரை படிப்பு கூடியது தெரியவந்தது. ஆனால் 18க்குப் பின் திருமணம் தள்ளிப்போகவில்லை. அத்தொகையைப் பலர் சீர்வரிசைக்கென்றே கருதியிருந்தனர். படிப்பைத் தொடரவேண்டும் என்ற நிபந்தனை இல்லாமல், பதினெட்டு ஆண்டு கழித்து வரும் பணம், ஒன்பதாம் வகுப்பு நோட்டுப் புத்தகத்துக்கு எவ்வாறு உதவும்?

இனி, பணம் போய்ச் சேரும் வழி. 2013 சனவரி முதல் நாளன்று நேரடிப் பயன் மாற்ற முறை நடைமுறைக்கு வந்தபின், இடைத்தரகர்களின் கை பெரிதும் விலகியது. ஆனால் புதிய தடைகள் முளைத்தன. பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயரும் ஆதார் அட்டையில் வேறோர் எழுத்துக்கூட்டலும் இருக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வரவு செலவு இல்லாத கணக்கு முடங்கிக் கிடக்கும். அதைத் திருத்த வங்கிக்கு இரண்டு முறை நடந்தால் இரண்டு நாள் கூலி போயிற்று. ராஞ்சி மாவட்டத்தின் நக்ரி வட்டாரத்தில் 2017இல், ரேஷன் அரிசி மானியத்தை ரொக்கமாகக் கணக்கில் செலுத்தும் முன்னோட்டம் நடந்தது. மக்கள் வங்கிக்குப் போய்ப் பணம் வந்ததா என்று பார்த்து, அதை எடுத்துக்கொண்டு பிறகு கடைக்குப் போகவேண்டியதாயிற்று. எதிர்ப்பு வலுத்து, 2018இல் அம்முறை கைவிடப்பட்டது. அது உணவு, இது கல்வி. ஆனால் நடக்கும் கால்கள் ஒன்றே.

ரொக்கம் எதற்கும் ஈடாகும் என்று எண்ணுவதும் தவறு. பெருந்தொற்றுக் காலத்தில், 2021 மே மாதம், பள்ளி மதிய உணவின் சமையல் செலவை ஒருமுறை உதவியாக ஏறத்தாழ 11.8 கோடிக் குழந்தைகளுக்கு ரொக்கமாக வழங்க மத்திய அரசு முடிவு செய்தது. மொத்தம் சுமார் 1,200 கோடி ரூபாய். கோடிகளில் கேட்கப் பெரிதாக இருக்கும். வகுத்துப் பார்த்தால் குழந்தைக்கு நூறு ரூபாய். பள்ளி அடுப்பில் வேகும் சோற்றை அதைக் கொண்டு வீட்டில் எத்தனை நாள் பெறமுடியும்?

உரிய காலத்தில் சேராத உதவிக்குப் பழைய சான்று, 1944 முதல் நடைபெற்றுவரும், ஆதிதிராவிட மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகை. மத்திய, மாநிலப் பங்கீட்டுச் சிக்கலால் பல மாநிலங்களில் தொகை நீண்ட காலம் தேங்கியது. கல்லூரிகள் கட்டணம் கேட்டு நெருக்க, மாணவர்களின் குடும்பங்கள் கடன் வாங்கின. 2021-22 முதல் மத்திய அரசின் 60 சதவீதப் பங்கு மாணவர் கணக்கிலேயே நேரே செலுத்தப்படும் வகையில் முறை திருத்தப்பட்டது.

வட்டாரக் கல்வி அலுவலர்கள் செய்யக்கூடியது இதில் நிறைய உண்டு. அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் சேரவேண்டிய மாணவியரின் பெயர்கள் எட்டாம் வகுப்புப் பதிவேட்டில் ஏற்கெனவே உள்ளன. அவர்களது கணக்கு இயங்குகிறதா, பெயர் ஒத்திருக்கிறதா என்பதைச் சனவரியிலேயே சரிபார்க்கலாம். வங்கி அலுவலரை ஒருநாள் பள்ளிக்கு அழைத்தால் முப்பது தாய்மார்களின் ஒருநாள் கூலி மிஞ்சும். கருவூல ஆணை மார்ச் மாதத்தில் தயாராக இருந்தால், சேர்க்கை நாளன்று தலைமையாசிரியர் அந்தப் பெண்ணிடம், பணம் வந்துவிட்டது என்று சொல்ல முடியும்.