பால் என்றொரு சொல்



தலைமை வகிப்பவர் தம் துறையின் சரித்திரத்தை ஆதியோடந்தமாக ஒப்புவித்து, பிற்பகல் அமர்வுக்குரிய நேரத்தையும் சேர்த்து விழுங்கிவிடுவது நம் மாநாடுகளின் நெடுநாளைய சம்பிரதாயம். அதை இன்று ஒருநாள் கைவிட்டு, மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரிந்த ஒரே ஒரு சொல்லைப் பற்றி மட்டும் பேச உங்கள் அனுமதியை வேண்டுகிறேன். அச்சொல் 'பால்'.

வாய்விட்டுச் சொல்ல இயலாத துக்கம் அழிந்துபோவதில்லை என்பதும், அது கனவாகவும், உடம்பின் உபாதையாகவும், காரணம் விளங்காத கோபமாகவும், எதிரே அமர்ந்து கேட்பவரையே தாயாகவோ தகப்பனாகவோ பாவித்து நடந்துகொள்ளும் விசித்திரமாகவும் உருமாறி வெளிப்பட்டுக்கொண்டே இருக்கிறது என்பதுமே, அழைப்பிதழில் நாம் 'உளவியக்கச் சிகிச்சை' என்று அச்சிட்டிருப்பதன் சாரம். கல்கத்தாவில் கிரீந்திரசேகர போஸ் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை 1922ல் நிறுவி நூறாண்டுகளுக்கு மேலாகியும், கிள்ளான் பள்ளத்தாக்கில் நம்மவர் மனநோய் என்றதும் உச்சரிக்கும் முதற்பெயர் 'தஞ்சோங் ரம்புத்தான்' என்பதாகவே இருக்கிறது. பேராக்கில் 1911ல் மனநோய் மருத்துவமனை அமைந்த பாவத்துக்காக ஓர் ஊரின் பெயரே வசைச்சொல்லாகிவிட்டது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாக்கிய சட்டப்பிரிவும் மலேசியாவில் 2023ல்தான் நீங்கிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் கிள்ளானிலிருந்து லாரி ஓட்டுநர் ஒருவர் என் அறைக்கு அனுப்பப்பட்டார். அவருடைய சம்மதத்தைப் பெற்று, ஆளை அடையாளம் காண இயலாதபடி விவரங்களை மாற்றியே சொல்கிறேன். வயது ஐம்பதைக் கடந்தவர். ஆண்டுதோறும் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பவர். தாயார் காலமாகித் தீட்டுக் கழிந்த பின் வந்த முதல் தைப்பூசத்தில், பத்துமலையின் 272 படிகளில் பாதி ஏறியபோது, குடத்தைத் தாங்கிய கைகள் இரண்டும் மரத்துப்போய், உடன்வந்தவர்கள் குடத்தை வாங்கிக்கொள்ளும்படி ஆயிற்று. நரம்பிலும் எலும்பிலும் குற்றமில்லை என்று வைத்தியர்கள் எழுதிக்கொடுத்தார்கள். கைகள் மட்டும் அவ்வப்போது மரத்துக்கொண்டே இருந்தன.

வந்தமர்ந்ததும் அவர் கேட்ட முதற்கேள்வி, "ஐயா எந்தத் தோட்டம்?" என்பது. சொந்த வாழ்வைப் பற்றிய வினாக்களுக்கு விடை கூறாது, அவை ஏன் எழுந்தன என்று திருப்பிக் கேட்கவேண்டும் என்பது எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட பாடம். ஆனால் இந்நாட்டுத் தமிழர் இருவர் சந்திக்கையில் பிறக்கும் அக்கேள்விக்கு மௌனத்தைப் பதிலாகத் தருவது மரியாதைக் குறைவு என்று எனக்குத் தோன்றியதால், என் தகப்பனார் ரயில்வே குமாஸ்தா என்றும், நான் இதே பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸில் வளர்ந்தவன் என்றும் சொன்னேன். "அப்ப நீங்க டவுன்காரரு" என்றார். அதன் பிறகு மூன்று வாரம் அவர் மலாயும் ஆங்கிலமும் கலந்து 'ஸ்ட்ரெஸ்' பற்றியே பேசினார். அவர் கேட்ட தோட்டங்களோ பூமியில் இல்லை. ரப்பர் செம்பனையாகி, செம்பனை தாமான் எனும் குடியிருப்புகளாகி, லயத்து வீடுகளிலிருந்து கிளப்பப்பட்டவர்கள் அடுக்குமாடிகளில் வசிக்கிறார்கள். ஆயினும் தம்மை யாரென்று சொல்லிக்கொள்ள நேரும்போது, இல்லாத அந்த இடத்தின் பெயரையே முகவரியாகச் சொல்கிறார்கள்.

நான்காம் வாரம், வெளியே நல்ல மழை. வெகுநேரம் பேசாதிருந்தவர், என் முகத்தைப் பாராமலே, "எங்கம்மாகிட்ட எப்பவும் பால் நாத்தம் அடிக்கும் ஐயா. மரத்துப் பாலு. சோப்புப் போட்டாலும் போவாது. அந்த நாத்தம் வந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்றார்.

ரப்பர் மரத்தில் வடியும் வெள்ளைச் சாற்றுக்கு நம் ஜனங்கள் வேறு பெயர் தேடவில்லை. பால் என்றே அழைத்தார்கள். வெயில் ஏறினால் அது நன்றாக வடியாது என்பதனால், விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு நிற்கவேண்டிய தாய், தூங்கும் பிள்ளையைத் தூக்கிவந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் கிடத்திவிட்டு, தன் மார்பில் அப்பிள்ளைக்குரிய பால் கட்டிக்கொண்டிருக்க, துரைக்குரிய பாலை வாளியில் சுமந்து வருவதற்காக இருட்டில் நடந்தாள். ஒப்பந்தக் கூலிமுறை 1910ல் ஒழிந்தது, கங்காணி வழியாக ஆள் சேர்ப்பது 1938ல் நின்றது என்று சரித்திர ஆசிரியர்கள் எழுதுவது உண்மையே. ஆனால் அந்த விடியற்காலப் பிரிவு எந்தச் சட்டத்தாலும் நிற்கவில்லை. இங்கிலாந்தின் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி, தாயைப் பிரிந்து மருத்துவமனைகளிலும் காப்பகங்களிலும் விடப்பட்ட குழந்தைகளைக் கொண்டு 1973ல் பிரிவைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். ஆயாக்கொட்டகையில் வளர்ந்தவர்கள் இந்த மண்டபத்திலேயே சிலர் இருக்கக்கூடும். அவர்கள் எழுதினால் அது பௌல்பிக்கும் புதிதாயிருக்கும்.

பக்தியின் விஷயத்துக்கு வருகிறேன். சமயம் என்பது பிரமை என்று 1927ல் நூல் எழுதிய பிராய்டுக்கு, கல்கத்தாச் சங்கத்தார் 1931ல் தந்தத்தாலான விஷ்ணு விக்கிரகம் ஒன்றை அனுப்பிவைத்தார்கள். அவர் அதைத் தம் மேசையில் வைத்துக்கொண்டார். இருவருமே கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த அம்சம். எனினும் நமக்குக் கைகொடுப்பவர் இலங்கையின் மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர. கதிர்காமத்தில் சடைமுடி தரித்த பெண் அடியார்களோடு பேசிப் பழகி 1981ல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சி, ஊரார் அனைவருக்கும் பொதுவாயுள்ள ஒரு சமயச் சின்னம், ஒருவருடைய அந்தரங்கத் துயரத்தையும் தன்னுள் ஏற்று அதற்கு வடிவம் கொடுக்க வல்லது என்பதைக் காட்டிற்று. பால்குடம் ஆயிரம் பேருக்கு ஒன்றுதான். ஆயினும் ஒவ்வொரு தலைமீதும் இருப்பது வேறு வேறு பால்.

இவ்வளவும் தெரிந்த நான் அந்த மழைநாளில் என்ன செய்தேன் என்றால், மனத்துக்குள் ஒரு காவியமே எழுதிவிட்டேன். மரத்துப் பால், தாய்ப்பால், பால்குடம். போதாக்குறைக்குக் கை 'மரத்து'ப் போனதிலும் ஒரு மரத்தைக் கண்டுபிடித்து மகிழ்ந்தேன். அவசரப்பட்டு நோயாளியின் தலையில் வியாக்கியானத்தைக் கவிழ்ப்பவர்களைப் பிராய்டு 1910லேயே கண்டித்திருப்பது ஞாபகம் வந்ததால் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, மறுவாரம் வராமலிருந்திருப்பார்.

ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து, வேறெதையோ சொல்லிக்கொண்டு வந்தவர் நடுவே நிறுத்தி, "அம்மா போறப்ப நான்தான் பால் ஊத்துனேன் ஐயா. உள்ள எறங்கல. கடவா வழியா வழிஞ்சிருச்சு" என்று சொல்லி, இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதார். அந்தப் பால் என் காவியத்தில் இல்லவே இல்லை. தோட்டத்து வாளியைச் சுற்றியே வட்டமிட்டுக்கொண்டிருந்த நான், உயிர் பிரிகையில் பிள்ளை வாயில் ஊற்றும் பாலை, எத்தனையோ வீடுகளில் கண்ணால் கண்டிருந்தும், நினைக்கவில்லை.

அடுத்த தைப்பூசத்தில் அவர் படியேறி முடித்தார்; நடுவில் இருமுறை நின்று கைகளை உதறிக்கொண்டதாகச் சொன்னார். நெடுந்தூரம் லாரி ஓட்டினால் இன்றும் இடக்கை மரக்கிறதாம். குணமாக்கியது முருகனா நானா என்று அவர் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் துணிவில்லை.

கட்டுரை வாசிக்கவிருக்கும் நண்பர்களிடம் ஒரு விண்ணப்பம். மருத்துவமனைக் குறிப்பேட்டை நாம் ஆங்கிலத்திலோ மலாயிலோ எழுதும் வழக்கத்தால், மரத்துப் பால் ஒரு சொல்லாகவும், குடத்துப் பால் வேறொரு சொல்லாகவும் பிரிந்து, அவர் வாயில் ஒன்றாயிருந்தது தாளில் இரண்டாகிவிடுகிறது. ஆகவே நோயாளி சொன்ன வாசகத்தை, கொச்சையென்று திருத்தாமல், அவர் சொன்ன தமிழிலேயே முதலில் வாசித்துவிட்டு, பிறகு உங்கள் ஆராய்ச்சியைத் தொடங்குங்கள். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன், முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.